தோப்பில் கட்டிக் கிடக்கும் நாய்கள்: சொதப்பிவிட்டோம், இனி எப்படிப் போவது?

வேப்பமரத்தடி · ஏப்ரல் 6

வணக்கம். நாங்கள் இருப்பது பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற பக்கம். சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக நடக்கப் போகும்போது ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் 11 நாய்கள், எல்லாம் கட்டிப்போட்டவைதான். அதில் ஒன்று தேங்காய்க் களத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செம்பட்டை நாய். கழுத்தில் மாட்டுச் சங்கிலி, நாலடி இருந்தால் அதிகம். சுற்றிச் சுற்றி வந்து மரத்தடியில் வட்டமாகப் பள்ளமே விழுந்துவிட்டது. அந்த வட்டத்துக்குள் ஒரு புல் கிடையாது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து வட்டத்துக்கு வெளியே கிடந்தது. எடுத்து நிமிர்த்தி, என் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். தீருகிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

அப்புறம்தான் தப்பு செய்தோம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தோட்டக்காரரிடம் போனோம். கூட வந்த பையன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தான். நான் சட்டம் பேசினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்ல எத்தன நாய் இருக்குது?" என்றார். என்னிடம் நாயே இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் நாயைக் கொட்டகைக்குப் பின்னால், ரோட்டுக்குத் தெரியாத இடத்தில் மாற்றிக் கட்டியிருக்கிறார். முன்பாவது நிழல் இருந்தது, அங்கே தகரச் சுவர். ஏப்ரல் வெயில் வேறு.

இனி அந்த வாசலில் எப்படிக் கால் வைப்பது? இதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைக்காற்று · ஏப்ரல் 6

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. வீடியோ கையில் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நாய்க்குத் தண்ணீர் வைக்க வக்கில்லாதவர் எதற்கு நாய் வளர்க்கிறார்? கேமரா மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே. நீங்கள் நயந்து பேசப் பேச அந்த நாய்தான் வெயிலில் காய்கிறது.

பழைய_கம்பவுண்டர் · ஏப்ரல் 7

31 வருஷம் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கால்நடை ஆய்வாளர் என்பது பதவிப் பெயர், ஊரில் கூப்பிடுவது கம்பவுண்டர்.

கடற்கரைக்காற்று தம்பி, சட்டம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க ஓட விடாமல் இருப்பது தனிக் குற்றம். தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காதது இன்னொரு குற்றம். நம் ருக்மிணி தேவி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்ததைத் தொடர்ந்து 1960-ல் வந்த சட்டம். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அபராதத்தைப் பாருங்கள்: முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்து வருஷமாக இந்தத் தொகை அப்படியே நிற்கிறது. 50 ரூபாய்க்கு இன்றைக்கு ரெண்டு தேங்காய் வருமா என்பது பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தெரியும்.

நாய் சாகக் கிடக்கிறது, அடித்துக் காயப்படுத்தியிருக்கிறார்கள் என்றால் புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம். இது அந்த ரகம் இல்லை. புகார் கொடுத்தால் அவர் அபராதம் கட்டிவிட்டு நாயை ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வருவார். நான் பார்த்திருக்கிறேன்.

வேப்பமரத்தடி அம்மா, நீங்கள் வெறுங்கையோடு போனீர்கள், அதுதான் தப்பு. அவருக்கு என்ன கொண்டுபோனீர்கள்? குற்றச்சாட்டு ஒன்றுதானே. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். பாஸ்டர் 1885-ல் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள். அன்றைக்கு அரசுக் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் நடக்கும். ஊசியைச் சாக்காக வைத்துக்கொண்டு போங்கள். வெறிநோய் என்றால் தோட்டக்காரருக்கும் பயம் உண்டு, அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அறிகுறி வந்த பிறகு மருந்தே இல்லாத நோய் என்பதை எந்தப் படிக்காதவரும் உடனே புரிந்துகொள்வார்.

போகும்போது கழுத்தை மட்டும் பாருங்கள். ஒரு தடவை பூங்கொத்துக் கட்டுகிற நைலான் கயிற்றால் குட்டியாக இருக்கும்போது கட்டியிருந்தார்கள். குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. என்னிடம் கொண்டுவந்தபோது கயிறே கண்ணுக்குத் தெரியவில்லை, நாற்றம்தான் முன்னால் வந்தது. முடியை விலக்கினால் தோலுக்குள் பச்சையாக ஒரு கோடு, சுற்றிலும் புழு. டாக்டர் மயக்க ஊசி போட்டுக் கத்தரித்து எடுத்தார். கொண்டுவந்தவர் அழுதுவிட்டார். "தினம் சோறு வைக்கிறேன் சார், கழுத்தைப் பாக்கலையே" என்றார். கொடுமைக்காரர் இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போகிற பழக்கம், அவ்வளவுதான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டி என்றால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தென்னந்தோப்பு_65 · ஏப்ரல் 7

நானும் பொள்ளாச்சிப் பக்கம்தான். என் தோட்டத்திலும் ரெண்டு நாய் கட்டித்தான் கிடக்கிறது. திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அவிழ்த்துவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கோழியைப் பிடிக்கும். போன வருஷம் நாலு கோழிக்குத் தண்டம் அழுதேன். ரோட்டுக்குப் போனால் டிப்பர் லாரி. எலிக்கு, பன்றிக்கு என்று ஆளாளுக்கு விஷம் வைக்கிறார்கள், ஒரு நாயை அதில் இழந்தேன். வருகிற போகிறவனைக் கடித்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு என் தலையில். தேங்காய் விற்கிற விலைக்கு களத்தில் காவல் இல்லாமல் தூங்க முடியாது. கேமரா வைக்கச் சொல்கிற தம்பி, திருடன் வந்தால் கேமரா குரைக்குமா?

அம்மிணி, நீங்கள் அந்த நாய்க்குத் தண்ணீர் ஊற்றினீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம். அதோடு நின்றிருந்தால் அவர் அடுத்த நாள் டீ கொடுத்திருப்பார். போனைத் தூக்கிப் பிடித்தீர்கள், முடிந்தது கதை. ஊரில் நாலு பேர் பார்க்க மானம் போச்சு என்று ஆன பிறகு எவன் கேட்பான்?

வேப்பமரத்தடி · ஏப்ரல் 7

அண்ணா, நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் சரிதான். வீடியோவை அழிக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் நாய்களுக்குச் சங்கிலி எத்தனை அடி?

தென்னந்தோப்பு_65 · ஏப்ரல் 7

அளந்ததில்லை. ஒரு பாகம் இருக்கும், ரெண்டு கையையும் விரித்த நீளம்.

சாக்பீஸ் · ஏப்ரல் 9

பாகம் என்றதும் ஞாபகம் வந்தது. நான் அரசுப் பள்ளி கணக்கு வாத்தியார், ஏழாம் வகுப்பு. வட்டத்தின் பரப்பளவு நடத்தும்போது ஒரு வருஷம் வீட்டுப்பாடமாக இதைக் கொடுத்தேன்: உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ கட்டியிருக்கிற நாயின் சங்கிலியை, வீட்டுக்காரரை விட்டு அளக்கச் சொல்லி, அந்த நாய்க்கு எத்தனை சதுர அடி உலகம் என்று கணக்கிட்டு வா.

நாலடிச் சங்கிலி: 3.14 × 16, சுமார் 50 சதுர அடி. ஆறடி ஆக்கினால் 113. ரெண்டடி கூட்டினால் இடம் ரெண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. பத்தடி என்றால் 314. ஆரத்தின் வர்க்கம் என்பதை நான் எத்தனை வருஷம் நடத்தியும் ஏறாத பையன்களுக்கு அன்றைக்கு ஏறியது. ஒரு பெண் எழுந்து, "சார், அந்த 50-க்குள்ளயேதான் அது ஒண்ணுக்கும் போகணுமா?" என்று கேட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரமே மூன்று வீடுகளில் சங்கிலி நீண்டிருந்தது. பெற்றோரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் நச்சரித்தே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

டல்லாஸ்_தமிழச்சி · ஏப்ரல் 10

இங்கே டெக்சாஸில் 2022 ஜனவரியிலிருந்து புதுச் சட்டம். நாயை வெளியே விட்டுவிட்டுப் போகும்போது இரும்புச் சங்கிலியில் கட்டக் கூடாது. கயிறு பத்தடியாவது இருக்க வேண்டும், அல்லது நாயின் மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து அதைப்போல் ஐந்து மடங்கு, எது நீளமோ அது. தண்ணீரும் நிழலும் கட்டாயம். கலிபோர்னியாவில் ஒருநாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அசையாத பொருளோடு கட்டிவைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது சட்டமில்லை. வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் கொஞ்சம் பேர் சேர்ந்து, நாயைக் கட்டி வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய் இலவசமாகவே வேலி அடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதோடு நாய்க்குக் கருத்தடையும் செய்து விடுவார்கள். சனிக்கிழமை வேலி வேலை, மாலையில் சங்கிலியைக் கழற்றுவது. "ஏன் கட்டினாய்" என்று கேட்பதே கிடையாது. வேலி போடக் காசில்லை என்பதுதான் முக்கால்வாசி வீட்டில் காரணம்.

தோப்புக்கார அண்ணனுக்கு ஒன்று. கட்டிய நாய்தான் காவலுக்கு நல்லது என்கிறோம். 1994-ல் டென்வர் நகரில், கடித்த நாயையும் கடிக்காத நாயையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. கடித்தவற்றில் கட்டிப்போட்டு வளர்த்தவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு அதிகம். பயந்தால் நாய் ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். ஓட வழியில்லை என்று ஆக்கிவிட்டால் மிச்சம் ஒன்றுதானே. நீங்கள் பயப்படுகிற ஆஸ்பத்திரிச் செலவு சங்கிலியாலேயே வரலாம்.

திம்பத்துக்கு_மேலே · ஏப்ரல் 11

எங்கள் தாளவாடிப் பக்கம் கதையே வேறு. சிறுத்தை முதலில் தூக்குவது கட்டிக் கிடக்கிற நாயைத்தான். அவிழ்த்துவிட்ட நாய் வாடை வந்ததுமே திண்ணைக்குக் கீழே பூந்துவிடும், கட்டின நாய் எங்கே போகும்? தட்டில் வைத்த மாதிரி. விடிகாலையில் பார்த்தால் சங்கிலி மட்டும் கிடக்கும். இப்போது பலரும் ராத்திரி நாயைக் கதவு வைத்த கொட்டகையில் அடைக்கிறார்கள். ஆனைமலை அடிவாரமும் காடுதானே, உங்கள் தோட்டக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நாய்மேல் இரக்கம் இல்லாதவர்கூட காவல் போய்விடும் என்றால் யோசிப்பார்.

கடற்கரைக்காற்று · ஏப்ரல் 11

எல்லாம் படித்தேன். என் கேள்வி ஒன்றுதான். சங்கிலியை நீட்டுவது, சட்டியை மாற்றுவது என்று போனால் நாம் செய்வது என்ன? கட்டிப்போடுவதைச் சௌகரியம் ஆக்கிக் கொடுக்கிறோம். "பாருங்கள், ஆறடி விட்டிருக்கிறேன்" என்று அவர் ஆயுசுக்கும் கட்டிவைப்பார். சிறையில் ஃபேன் மாட்டிவிட்டு விடுதலை என்கிறோம்.

பழைய_கம்பவுண்டர் · ஏப்ரல் 11

விடுதலை என்று யாரும் சொல்லவில்லை தம்பி. மே மாதம் வருகிறது. நாய்க்கு வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். தகரச் சுவரில் வெயில் அடித்துத் திரும்புகிற இடத்தில், தண்ணீரும் கவிழ்ந்து கிடந்தால், அரைநாள் போதும். விவாதத்தில் நீங்கள் ஜெயிக்கும்போது நாய் இருக்க வேண்டுமல்லவா?

கடற்கரைக்காற்று · ஏப்ரல் 11

ஒத்துக்கொள்ள முடியவில்லை ஐயா. ஆனால் மே மாதத்துக்குப் பதில் என்னிடம் இல்லை.

வெல்டிங்_பட்டறை · ஏப்ரல் 13

வட்டத்தை விட்டு வெளியே வர எளிய வழி ஒன்று இருக்கிறது. துணி காயப்போடுகிற கொடிக்கம்பி தெரியுமல்லவா, அதேதான். ரெண்டு கல்லுக்காலுக்கு நடுவில் 36 அடிக்கு ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்துக் கட்டுங்கள், ஆறரை அடி உயரத்தில். கம்பியில் ஒரு வளையம், வளையத்தில் ஒன்பதடிச் சங்கிலி. நாய் போகிற பக்கம் வளையம் கூடவே ஓடும். இப்படி நாலைந்து தோட்டத்தில் போட்டிருக்கிறேன். தோட்டத்தில் கிடக்கிற கம்பி, கல்லிலேயே பாதி வேலை முடியும்.

கவனிக்க வேண்டியது: கம்பியின் ரெண்டு முனையிலிருந்தும் எட்டடி தள்ளி ஒரு கிளாம்ப் போடுங்கள். இல்லாவிட்டால் நாய் கல்லைச் சுற்றி மாட்டிக்கொண்டு நிற்கும். சங்கிலியின் ரெண்டு நுனியிலும் சுழல்கிற கொக்கி வேண்டும், முறுக்கு ஏறாது. மாட்டுச் சங்கிலியைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள், அதைத் தூக்கிச் சுமந்தே கழுத்து தொங்கிப் போகும். தென்னைக்கு நேர் கீழே போடாதீர்கள். காயும் மட்டையும் விழும், கட்டின நாய் நகர்ந்து தப்பிக்க முடியாது. வரிசைக்கு நடுவில் வழித்தடத்தில் போடுங்கள். சுவரோ, திண்ணையோ, தொட்டித் திட்டோ சங்கிலிக்கு எட்டவே கூடாது. நான் போட்ட முதல் கம்பியில் சுவர் எட்டியது. பூனையைத் துரத்தித் தாவிய நாய் அந்தப் பக்கம் தொங்கிவிட்டது. காலையில்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் எங்கே போட்டாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நானே எட்டுகிற வரை சுற்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

சாக்பீஸ் · ஏப்ரல் 13

படிக்கவே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் கணக்கு: வளையம் ஓடுகிற தூரம் 20 அடி, பக்கவாட்டில் ஏழடி எட்டும் என்று வைத்தால் 20 × 14, கூட ஒரு முழு வட்டம் 154. மொத்தம் 434 சதுர அடி. 50 எங்கே, இது எங்கே.

வேப்பமரத்தடி · மே 4

சொன்னபடி போனேன், தனியாக. தோட்டக்காரர் இல்லை, அவர் அம்மா இருந்தார். ஆத்தாவுக்கு எழுபதுக்கு மேல். நாய்ப் பேச்சையே நான் எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டேன், மோர் கொடுத்தார். அவராகவே ஆரம்பித்தார்: நாய்க்குச் சோறு வைப்பது அவர்தானாம், குனிய முடியாததால் தட்டைக் குச்சியால் தள்ளுகிறாராம். சட்டி கவிழ்ந்தால் எட்டி எடுக்கப் பயம். நாய் பெயர் டைகர். (திம்பத்து அண்ணா, சிரிக்காதீர்கள்.)

மறுநாள் ஒரு பழைய ஸ்கூட்டர் டயரும், அதற்குள் கச்சிதமாக உட்காருகிற ஒரு அலுமினியப் பாத்திரமும் கொண்டுபோனேன். டயருக்குள் பாதி வரை மண்ணைப் போட்டுப் பாத்திரத்தைப் பதித்துவிட்டோம். டைகர் சங்கிலியை அதன்மேல் இழுத்தது, காலால் பிறாண்டியது, கவிழவில்லை. ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றாம் நாள் தோட்டக்காரரே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஜூலை ஊசி முகாமைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாயைத் தகரத்திலிருந்து களத்து நிழலுக்கு மாற்றியிருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தென்னந்தோப்பு_65 · மே 4

ஆத்தாவைப் பிடித்தீர்கள் பாருங்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

வேப்பமரத்தடி · ஜூலை 9

முகாமுக்கு அந்த 11-ல் 7 நாய்கள் வந்தன. ரெண்டு பேர் வரமாட்டோம் என்றார்கள். ஒருவர் நாயை விற்றுவிட்டதாகச் சொன்னார், அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசியாக ஒன்று பெட்டை, நாலு குட்டி போட்டிருக்கிறது. கட்டியே கிடந்ததால் எந்த ஆண் நாயிடமிருந்தும் விலகிப் போக வழியில்லாமல் ஒவ்வொரு சீசனும் இதே கதையாம். குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி, தாய்க்குக் கருத்தடை என்று டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஆட்டோ வாடகையை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

டைகரைக் கூட்டிவர வண்டியில் ஏற்ற முடியவில்லை. தோட்டக்காரர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடத்தியே கூட்டிவந்தார், ரெண்டு கிலோமீட்டர். வழிநெடுக ஒவ்வொரு மைல்கல்லையும், செடியையும், மாட்டுச் சாணத்தையும் நின்று மோந்து பார்த்தபடி வந்ததாம். "ஒரு மணி நேரம் ஆக்கிடுச்சு அம்மிணி, இத்தன நாளா என்னத்தத் தேடிட்டு இருந்துச்சோ" என்றார். திரும்பும்போதும் நடத்தியே கூட்டிப் போனார். இப்போது சாயங்காலம் பேரன் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரை போகிறான்.

வேப்பமரத்தடி · ஆகஸ்ட் 23

பட்டறை அண்ணன் நேரிலேயே வந்து கம்பி போட்டுக் கொடுத்தார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றி நடந்ததைப் பார்த்து ஆத்தா, "இவரையும் கட்டிப் போட்டுட்டீங்களா" என்றார். ராத்திரி களத்துக் கதவைச் சாத்தியதும் நாயை உள்ளே அவிழ்த்துவிடுகிறார்கள். பகலில் இன்னும் கட்டுத்தான். கடற்கரைக்காற்று கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, மறைக்கவில்லை. வேலிக்குக் கம்பி வலை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நான் சொல்லாமலே தோட்டக்காரர் ஒரு வேலை செய்திருக்கிறார். தென்னைக்குப் போகிற சொட்டு நீர்க் குழாயிலிருந்து ஒரு சின்ன டியூபைப் பிரித்து, டயர்ப் பாத்திரத்துக்குள் விட்டிருக்கிறார். மோட்டார் போடும்போதெல்லாம் அதுவாக நிரம்புகிறது. மோட்டார் சத்தம் கேட்டதும் டைகர் எழுந்துபோய் டியூபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறதாம்.

கம்பவுண்டர் ஐயா, ஒரு சந்தேகம். மாட்டுச் சங்கிலி இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி முடியே முளைக்கவில்லை. தோல் கருத்துத் தடித்திருக்கிறது. முளைக்குமா?

பழைய_கம்பவுண்டர் · ஆகஸ்ட் 23

புண் இல்லையே? சீழ், நாற்றம்? இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் தடவிவிடச் சொல்லுங்கள், அவர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டுகிற பட்டை வாங்குங்கள். ஓரத்தில் கொஞ்சம் முளைக்கலாம். நடுவில் தடித்துப்போன இடத்தில் முளைக்காது.